ஒரே ஒரு வாய்: சின்னப் பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

என் மூத்தவளுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் காலைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். எனக்கு அலுவலகப் பேருந்து எட்டு இருபதுக்கு. அதற்குள் இரண்டு இட்லி அவள் வயிற்றுக்குள் போயாக வேண்டும். கைபேசியில் பாட்டைப் போட்டு எதிரில் சாய்த்து வைத்தால் வாய் தானாகத் திறக்கும்; ஒரு கையால் ஊட்டிக்கொண்டே மறு கையால் தலையை ஒதுக்கிக்கொள்வேன். ஒரு நாள் கைபேசியில் சார்ஜ் இல்லை. அவள் குனிந்து தட்டைப் பார்த்தாள். இட்லியை ஒரு விரலால் அழுத்தி, "இது என்னம்மா?" என்றாள். மாதக்கணக்கில் தின்ற இட்லியை அன்றுதான் பார்க்கிறாள்.

ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இப்படிக் கடிகாரத்தைப் பார்ப்பதால் வருபவை என்பது என் எண்ணம்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்ப வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று புலம்பாத வீடு குறைவு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் வருடத்தில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிறது. இரண்டாம் வருடத்தில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. இது தெரியாமல் பழைய அளவையே திணிக்கப் பார்க்கிறோம். வயிறு நிறைந்த பிறகும் "ஒரே ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்" என்று ஊட்டிக்கொண்டே போனால், போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்கும் பழக்கம் பிள்ளைக்கு மழுங்கிப்போகும். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் முடிவு. எவ்வளவு என்பதை மட்டும் அந்தச் சின்ன வயிற்றிடம் விட்டுவிடலாம். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். புதுக் காயை முதல் நாள் துப்பியதும் "இவளுக்குப் பீட்ரூட் ஆகாது" என்று முத்திரை குத்த வேண்டாம். பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகு வாயில் வைக்கும் பிள்ளைகள் உண்டு.

"சாப்பிடலைன்னா பாலாவது குடிக்கட்டும்" என்பது இதன் அடுத்த படி. காலையில் ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, ராத்திரி புட்டியில் ஒன்று. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது, ரத்தசோகையும் வரலாம். அப்புறம், பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிட்டால் முன்பற்கள் சொத்தையாகும். ஒரு வயதுக்குப் பிறகு டம்ளருக்குப் பழக்கிவிடுவது நல்லது. சிந்தும். துடைத்துக்கொள்ளலாம்.

கைபேசிக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதிலும் குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. முழுவதுமாக ஒழித்துவிட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். சாப்பாட்டு நேரத்திலும் தூங்கப் போகும் நேரத்திலும் கிடையாது என்று வைத்துக்கொண்டோம். முதல் நான்கு நாள் வீடு அமர்க்களப்பட்டது, ஐந்தாம் நாள் மறந்துவிட்டாள். ஊரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே பதில் பேச ஓர் ஆள் இருக்கிறார்.

அடம் பிடிக்கும்போது நாம் செய்வது வேடிக்கையாக இருக்கும். பிள்ளை தரையில் புரண்டு கத்துகிறது, நாம் குனிந்து நியாயம் பேசுகிறோம். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயது தாண்ட வேண்டும். மூன்று வயதில், அதுவும் உச்சக்கட்ட அழுகையில், எந்த நியாயமும் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கும்வரை இருந்தால் போதும். இதைவிடப் பெரிய தவறு பத்து நிமிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாம் நிமிடம் கொடுத்துவிடுவது. பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று அதற்கு நாமே சொல்லிக்கொடுத்தாயிற்று. கொடுப்பதாக இருந்தால் முதல் நிமிடமே கொடுத்துவிடுங்கள்.

பல நேரங்களில் அது அடமே இல்லை. பசி, இல்லாவிட்டால் தூக்கம். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. கல்யாண மண்டபத்தில் ராத்திரி பத்தரைக்குக் கத்தும் குழந்தையை "வளர்த்த விதம்" என்று முணுமுணுக்கும் பெரியம்மாக்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "சட்டை போட்டுக்கலாமா?" என்று கேட்டால் பதில் "வேண்டாம்"தான். "சிவப்பா, மஞ்சளா?" என்று கேட்டுப் பாருங்கள். பூச்சாண்டியையும் ஊசி போடும் டாக்டரையும் துணைக்குக் கூப்பிடுவது உடனே பலிக்கும். ஆனால் நிஜமாகவே காய்ச்சல் வந்து டாக்டர் தொண்டையைப் பார்க்க டார்ச்சை எடுக்கும்போது அந்தப் பயம் வட்டியோடு திரும்பி வரும்.

விளையாட்டில் நம் தவறு பெரும்பாலும் கூடை நிறைய வாங்கிக் கொட்டுவது. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழகத்தார் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முப்பத்தாறு குழந்தைகள், ஒரு தடவை நான்கு பொம்மைகள், இன்னொரு தடவை பதினாறு. நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். வீட்டில் செய்ய எளிது: பாதியை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மாற்றி எடுங்கள். பழைய லாரிக்கு வரவேற்பு பலமாக இருக்கும்.

உண்மையில் அவர்களுக்கு வேண்டியது நாம் செய்யும் வேலைதான். குழந்தைகளுக்கான மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய முறையில் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், தானியம் பிரிப்பதும், துணி மடிப்பதும் பாடங்கள். நம் அடுப்படியில் இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. நாம்தான் "தள்ளு, நான் செஞ்சுக்கறேன்" என்கிறோம். கறிவேப்பிலை உருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது, காய்ந்த துணியில் யாருடையது எது என்று பிரிப்பது எல்லாம் மூன்று வயதுக்கு அருமையான வேலைகள். இந்த விரல் வேலைதான் பின்னால் பென்சில் பிடிக்கவும் உதவும். விரல் பக்குவப்படாத வயதில் கோடு போட்ட நோட்டில் எழுதச் சொல்லி ஏன் படுத்த வேண்டும்?

பேச்சும் அப்படித்தான். "இது என்ன கலர்? இது எத்தனை?" என்று தேர்வு வைப்பதைக் குறைத்து, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பிள்ளை எதைக் காட்டுகிறதோ அதைப் பற்றியே பேசுங்கள். நமக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் ரைம்ஸ் ஒப்பிக்கச் சொல்லும் சடங்கையும் விட்டுவிடலாம். விருந்தாளிக்கும் நிம்மதி.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை. ஓடும் பிள்ளையின் பின்னால் ஓடி ஓடி ஊட்டக் கூடாது, புரை ஏறும். நான்கைந்து வயது வரை முழு வேர்க்கடலையும் முழு திராட்சையும் வேண்டாம். கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியும் கொடுக்கலாம். ஒரு சாண் தண்ணீர் உள்ள வாளியில் தலைகுப்புற விழுந்தாலே இந்த வயதில் எழ முடியாது, ஏனென்றால் உடம்போடு பார்க்கத் தலை கனம். குளித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். மண்ணெண்ணெயையோ கழிவறை ஆசிட்டையோ குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாழைப்பழம் கொடுத்து வெளியே வருகிறதா என்று காத்திருக்கும் சமாச்சாரம் இல்லை அது.

கடைசியாக ஒன்று. வேன் ஹாரன் அடிக்கிறது, பிள்ளை உட்கார்ந்துவிட்டது, ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறோம். ஐந்து வயதுக்குள் முழங்கை எலும்பைப் பிடித்திருக்கும் நார் தளர்வாக இருப்பதால் அந்த ஓர் இழுப்பில் மூட்டு பிசகிவிடும். இரண்டு கையைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டும்போதும் இது நடக்கும். வீக்கம் இருக்காது, பிள்ளை கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூக்க மறுக்கும். எண்ணெய் தடவி உருவ வேண்டாம். இதில் கைதேர்ந்த மருத்துவர் ஒரு நிமிடத்தில் சரி செய்துவிடுவார். தூக்குவதானால் குனிந்து, இரண்டு அக்குளுக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள். வேன் ஒரு நிமிடம் நிற்கும்.