காரின் உள்விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

ராத்திரியில் காருக்குள் ஒரு சாவி கீழே விழுந்துவிட்டால், மேலே லைட் எரிந்துகொண்டிருந்தாலும் மொபைல் டார்ச்சைப் போட்டுத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 என்று சில வருடம் ஓடிய கார் எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான், ஏனென்றால் உள்ளே இருப்பது இழை எரிகிற பழைய வகை பல்ப். இதை எல்இடிக்கு மாற்ற மெக்கானிக் தேவையில்லை, ஒயர் வெட்ட வேண்டியதும் இல்லை. சரியான அளவில் பல்ப் கையில் இருந்தால் வீட்டு வாசலில் வைத்தே முடித்துவிடலாம். அந்தச் சரியான அளவு என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பழைய பல்பைப் பாருங்கள்

வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை கவரைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள் (கழற்றும் முறை கீழே இருக்கிறது). காருக்குள் பெரும்பாலும் இரண்டே வகைதான். கூரை நடுவில் இருக்கும் லைட்டில் வழக்கமாக இருப்பது ஃபெஸ்டூன் பல்ப்: சின்ன கண்ணாடிக் குழாய், இரண்டு முனையிலும் உலோக மூடி. கடையில் ரூஃப் லைட் பல்ப் என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள். இன்னொன்று டி10, டபிள்யூ5டபிள்யூ என்றும் எழுதியிருக்கும். உலோக மூடியே இல்லாமல் கண்ணாடியின் அடிப்பாகம் தட்டையாக ஹோல்டருக்குள் போய் உட்காரும். கேப்லெஸ் பல்ப், பார்க்கிங் பல்ப் என்றெல்லாம் கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். முன்சீட்டுக்கு மேலே இருக்கும் மேப் லைட், டிக்கி லைட், கதவு லைட் ஆகியவற்றில் இதை அதிகம் பார்க்கலாம்.

டி10 என்றால் கவலையில்லை, அடிப்பாகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஃபெஸ்டூனில் நீளம் மாறும்: 31, 36, 39, 41 மி.மீ. என்று பல அளவு உண்டு. ஸ்கேலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓனர் மேனுவலில் வாட்ஸ் போட்டிருப்பார்கள், நீளம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மூன்று மி.மீ. தானே என்று நீளம் கூடிய பல்பைத் திணித்தால் இரண்டு பக்க கிளிப்பும் விரிந்துபோகும், அப்புறம் பழைய பல்பைத் திரும்பப் போட்டாலும் அது நிற்காது. குட்டையானதைப் போட்டால் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே தொடர்பு விட்டு விட்டு எரியும். இன்னொரு விஷயம், எல்இடி பல்ப் சிலவற்றில் பின்பக்கம் சூடு வெளியேற அலுமினியத் தகடு இருக்கும், அதனால் பழையதைவிடப் பருமன் கூடுதல். நீளம் சரியாக இருந்தும் கவர் மூடவில்லை என்றால் காரணம் இதுதான்; பல்புக்கு மேலும் கீழும் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகும்போது பழைய பல்பையே கையோடு எடுத்துப்போனால் இந்தச் சிக்கலே வராது.

எதை வாங்குவது

வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துத்தான் எல்லாரும் போகிறோம், கடையிலும் அதைத்தான் முன்னால் எடுத்து வைப்பார்கள். என் கருத்து நேர் எதிர். 5 வாட் ஃபெஸ்டூன் பல்ப் தருவதே 45 லூமன் அளவுதான், டி10 தருவது 50. ஒரு வாட் நல்ல எல்இடி அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால், இருட்டுக்குப் பழகிய கண்ணில் பளீரென்று அடித்து, லைட்டை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ரோடு சரியாகத் தெரியாது. குழந்தைக்குப் பால் பாட்டில் எடுக்கப் பின்சீட்டில் லைட் போட்டால் முன் கண்ணாடி முழுக்க அதன் பிரதிபலிப்பு விழும், ஓட்டுபவருக்கு அது உண்மையான ஆபத்து.

நிறத்திலும் அப்படித்தான். பாக்கெட்டில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். பழைய பல்ப் சுமார் 2700 கெல்வின், மஞ்சள். கடைகளில் அதிகம் கிடைப்பது 6000 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை, பார்க்க ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும். 4000 முதல் 4300 வரை உள்ளது கிடைத்தால் அதை வாங்குங்கள், கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், ஆனால் தேடலாம். சிவப்பு, நீலம், மாறி மாறி மின்னுகிற வகை எல்லாம் வேண்டாம்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள். கார் பேட்டரி 12 வோல்ட் என்று சொல்கிறோமே தவிர, இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேலேயே கொடுக்கும். வெறும் 12 வோல்ட்டை மட்டும் கணக்கில் வைத்துச் செய்த மலிவு பல்ப் இதில் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். 9 முதல் 16 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் நல்லது. அடுத்தது, பிளஸ் மைனஸ் பார்க்காமல் எப்படிப் போட்டாலும் எரியும் வகை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள், வேலை பாதியாகக் குறையும். கேன்பஸ் என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பல்ப் போனால் டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும் கார்களுக்காக உள்ளே ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துச் செய்வது அது. நம் சின்ன கார்களின் ரூஃப் லைட்டுக்கு அது பெரும்பாலும் வீண் சூடுதான்.

சதுரத் தகடு மாதிரி, பின்னால் டபுள் டேப் ஒட்டி, ஒயரில் அடாப்டரோடு வரும் பேனல் வகையும் உண்டு. வெளிச்சம் நன்றாகப் பரவும், அது உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் கூரைச் சூட்டுக்கு அந்த டேப் தாங்காது, கவருக்குள்ளேயே கழன்று தொங்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கரண்ட்டை நிறுத்துங்கள்

ஸ்விட்சை ஆஃபில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நிறைய கார்களில் ரூஃப் லைட்டின் ஸ்விட்சும் கதவு ஸ்விட்சும் எர்த் (மைனஸ்) பக்கத்தைத்தான் துண்டிக்கின்றன. அதாவது லைட் எரியாத நேரத்திலும் பல்பின் ஒரு முனையில் பிளஸ் வந்து நின்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனி கிளிப்பையும் கூரை உலோகத்தையும் சேர்த்துத் தொட்டால் ஒரு பொறி, ஃபியூஸ் காலி. அதே ஃபியூஸில் ஆடியோ சிஸ்டமும் கடிகாரமும் சேர்ந்திருந்தால் அவையும் நின்றுபோகும்.

அதனால் சாவியை எடுத்துவிட்டு, ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, மூடியிலோ மேனுவலிலோ உள்ள படத்தில் டோம், ரூம், இன்டீரியர் என்று குறித்திருக்கும் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். கதவைத் திறந்து லைட் எரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றினாலும் சரிதான், ஆனால் ரேடியோவில் சேமித்த ஸ்டேஷன் எல்லாம் அழியலாம். லைட் எரிந்துகொண்டிருந்தது என்றால் பத்து நிமிடம் ஆற விடுங்கள், இழை பல்ப் விரலைச் சுடும்.

கவரைக் கழற்றுவது

பிளாஸ்டிக் நெம்பு டூல் இருந்தால் அருமை, இல்லையென்றால் தட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். ரூஃப் லைட்டின் வெள்ளைக் கவரின் ஓரத்தில் ஒரு இடத்தில் சின்னப் பள்ளம் இருக்கும், நகத்தால் தடவினால் தெரியும். அதில் நுனியை வைத்து மெதுவாக நெம்பினால் ஒரு பக்கம் விடுபடும், மறுபக்கத்தைக் கையாலேயே எடுத்துவிடலாம். வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் இடத்தை மாற்றிப் பாருங்கள். பழைய கவர் வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், உடைந்தால் அது தனியாகக் கிடைப்பது கடினம். கவரை மட்டும்தான் நெம்ப வேண்டும். பக்கவாட்டில் கூரை ஓரத்தையோ தூண்களின் டிரிம்மையோ தொடாதீர்கள், கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது அங்கேதான் இருக்கிறது.

பல்பை மாற்றுவது

ஃபெஸ்டூனைக் கண்ணாடியின் நடுவில் பிடித்து இழுக்கக் கூடாது, உடைந்து கையைக் கிழிக்கும். ஒரு பக்க கிளிப்பை விரலால் லேசாக வெளியே தள்ளி, உலோக மூடியைப் பிடித்து எடுங்கள். எல்இடியின் ஒரு முனையை ஒரு கிளிப்பில் வைத்து, மறுமுனையை அழுத்தினால் டக்கென்று உட்காரும். எல்இடிக்கு வெளிச்சம் ஒரு பக்கம்தான், அதனால் சிப் இருக்கும் முகம் கீழே, நம் பக்கம் பார்க்கும்படி பல்பைக் கிளிப்புக்குள்ளேயே திருப்பி வையுங்கள். தொட்டால் ஆடுகிறதா? பல்பை எடுத்துவிட்டு இரண்டு கிளிப்பையும் உள்பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் வளைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

டி10 இன்னும் சுலபம், நேராக இழுத்தால் வரும், நேராகச் செருகினால் போகும். சிலவற்றில் ஹோல்டரையே கால் சுற்றுத் திருப்பி வெளியே எடுத்த பிறகுதான் பல்பைப் பிடிக்க முடியும்.

இப்போது கவரை மூடாமல் ஃபியூஸை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். எரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். சாதாரண எல்இடி ஒரு திசையில்தான் எரியும், தலைகீழாகப் போட்டால் பொதுவாகக் கெட்டுப்போகாது, சும்மா எரியாமல் இருக்கும். ஃபியூஸை மறுபடி எடுத்துவிட்டு, ஃபெஸ்டூன் என்றால் இடம் வலம் மாற்றி, டி10 என்றால் அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். அப்புறம் ஆன், கதவு, ஆஃப் என்று மூன்று நிலையிலும், ஒவ்வொரு கதவாகத் திறந்தும் பார்த்துவிட்டுக் கவரை அழுத்தி மூடுங்கள்.

மாற்றிய பிறகு வரக்கூடியவை

ஆஃப் செய்த பிறகும் இருட்டில் எல்இடி லேசாக மினுங்கலாம். சில கார்களின் சர்க்கியூட்டில் எப்போதும் துளி கரண்ட் கசிந்துகொண்டிருக்கும், இழை பல்பை எரிக்க அது போதாது, எல்இடிக்குப் போதும். இந்த இடத்தில் மட்டும் ரெசிஸ்டர் உள்ள கேன்பஸ் பல்ப் உதவும். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் என்றால் ஹோல்டரின் இரு முனைக்கும் இணையாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். கதவை மூடியதும் மெல்ல மெல்ல மங்கி அணையும் லைட் உள்ள காரில், எல்இடி துடிக்கலாம், அல்லது பட்டென்று அணையலாம். டிம்மிங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்பாக வாங்கினால்தான் பழைய அழகு திரும்பும்.

எஃப்எம் போட்டுக்கொண்டு லைட்டை ஆன் செய்து பாருங்கள். கரகரப்பு வந்தால் அந்த பல்புக்குள் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்கியூட் (டிரைவர் என்பார்கள்) மட்டமானது, மாற்றிக் கேளுங்கள். பத்து நிமிடம் எரியவிட்டுக் கவரைத் தொட்டும் பாருங்கள், இதமான சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் அந்த பல்ப் வேண்டாம்.

பேட்டரிக்குக் கிடைக்கும் லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். 10 வாட் பல்ப் எடுப்பது சுமார் 0.8 ஆம்பியர். கதவு சரியாக மூடாமல் ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர்-அவர் போச்சு, சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஏற்கெனவே பழசு என்றால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஒரு வாட் எல்இடி அதே நேரத்தில் தின்பது ஒரு ஆம்பியர்-அவருக்கும் குறைவு.

கழற்றிய பழைய பல்புகளைத் துணியில் சுற்றி கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள், வெளியூரில் எல்இடி போனால் அந்த நேரத்துக்கு உதவும். டி10 மீதி இருக்கிறதே என்று நம்பர் பிளேட் லைட்டிலும் போட ஆசை வரும். அங்கே வெள்ளை மட்டும்தான் போட வேண்டும், தண்ணீர் புகாதபடி ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.