பல்கலைக்கழக ஐடி பொறுப்பு கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். பரீட்சைப் பிரிவுக்குப் போய், மார்க் ஏற்றுகிற கிளார்க் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு இரண்டு நாள் உட்காருங்கள். எந்த இடத்தில் அவர் கை நிற்கிறது, கணினியில் ஏறாத எதையெல்லாம் தனி நோட்டில் எழுதி வைக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் அந்த நோட்டில்தான் இருக்கும்.

நம் சித்தூர் எல்லைப் பக்கத்தில் அதில் நிறைய பெயர்க் குழப்பம் இருக்கும். தெலுங்குக்காரர்களுக்கு இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், உண்டு, நமக்கு இன்ஷியல்தான். ஃபாரத்தில் சர்நேம் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் நகரியிலிருந்தோ குப்பத்திலிருந்தோ வருகிற நம் பிள்ளை அதில் எதைப் போடும்? நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் இன்ஷியலே இல்லை, எங்கள் கணினியில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். கடைசி செமஸ்டரில்தான் தெரிந்தது. அவள் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று தடவை கவுன்டருக்கு வந்து நின்றார், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், சர்நேம் கேட்காதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஏற்றி, பிரிண்ட் எடுத்து, பிள்ளையே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஆதாரில் வித்தியாசம் இருந்தால் முதல் செமஸ்டரிலேயே திருத்தச் சொல்லுங்கள். மாணவர் வாங்கிய கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு, அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகத் திறக்கிறது, பெயர் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயும் இழுபறிதான்.

அப்புறம் பேக்கப். தினமும் ஓடுகிறது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். செமஸ்டருக்கு ஒரு தடவையாவது அதை வேறொரு கணினியில் திரும்ப ஏற்றி, போன வருட மாணவர் ஒருவரின் மார்க்கைத் திறந்து, காகிதப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு பிரதி எந்த நெட்வொர்க்கிலும் சேராமல் தனியாக இருக்கட்டும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வந்தால் கூடவே இணைந்திருக்கும் பேக்கப்பையும் பூட்டிவிடும்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இப்படி ஏதாவது நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், கணினியில் எப்போது என்ன நடந்தது என்று தானாகப் பதிவாகிற லாக் 180 நாள் பத்திரமாக இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி, பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி, சர்வர் ரூம் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.