ஒரே நாட்டின் வட்டாரங்களுக்கிடையே புற்றுநோய் இறப்பை ஒப்பிடுவது எப்படி?

புற்றுநோய் இறப்பு மிகுந்த வட்டாரங்களை அடர் சிவப்பில் தீட்டிய வரைபடத்தைக் கண்டதும், அப்பகுதி மருத்துவமனைகளைக் குறை சொல்லவே மனம் முந்துகிறது. ஆனால் அந்தச் சிவப்புக்குள் மூன்று வெவ்வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன: அங்கே எத்தனை பேருக்கு நோய் வருகிறது, வந்தவர்களில் எத்தனை பேர் கணக்கில் ஏறுகிறார்கள், அவர்களுக்கு எத்தகைய சிகிச்சை கிடைக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்கும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் வயதைக் கவனியுங்கள். இரண்டு வட்டாரங்களிலும் 60 வயதுக்குக் கீழே லட்சம் பேருக்கு 50 பேரும், அதற்கு மேல் லட்சம் பேருக்கு 800 பேரும் புற்றுநோயால் இறப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வட்டாரத்தில் முதியோர் 10 விழுக்காடு என்றால் மொத்த இறப்பு விகிதம் 125; இரண்டாவதில் 25 விழுக்காடு என்றால் அது 237.5. எந்த வயதினருக்கும் ஆபத்து கூடவில்லை, ஆனாலும் எண் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகவே இரு வட்டாரங்களிலும் வயதுப் பங்கீடு ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்ட, அதாவது வயதுக்கேற்பச் சீராக்கிய விகிதத்தை மட்டுமே ஒப்பிட வேண்டும். அப்போதும் இரு எண்களும் ஒரே தரநிலை மக்கள்தொகையை (கணக்குக்கென வகுத்த பொதுவான வயதுப் பங்கீட்டை) வைத்துக் கணக்கிடப்பட்டவையா என்று பாருங்கள். 1960இல் ஜப்பானிய ஆய்வாளர் மிட்சுவோ சேகி முன்வைத்து, 1966இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் டாலும் பிறரும் திருத்தியமைத்த உலகத் தரநிலையைக் கொண்டு கணக்கிட்ட எண்ணை, ஒரு நாட்டின் சொந்தத் தரநிலையைக் கொண்டு கணக்கிட்ட எண்ணின் அருகே வைத்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

சிறிய வட்டாரங்களில் தற்செயலும் விளையாடும். ஓராண்டில் 16 இறப்புகள் பதிவான இடத்தில், வேறெதுவும் மாறாமலே அந்த எண் 8 முதல் 24 வரை ஊசலாடலாம். 1,600 இறப்புகள் உள்ள இடத்திலோ அந்த ஊசலாட்டம் 5 விழுக்காடுதான். எனவே ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, எந்தப் புற்றுநோய் என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லா வகைகளையும் ஒன்றாகக் கூட்டிய எண் எனக்கு ஒருபோதும் உதவியதில்லை. சீனாவின் லின்சியான் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இறப்பு மிகுதியாக இருந்ததற்கு முதற்காரணம் அங்கே அந்நோய் அளவுக்கு மீறிப் பரவியிருந்ததே. கணையப் புற்றுநோயில் நல்ல மருத்துவமனைகளிலும் பலர் பிழைப்பதில்லை என்பதால், அதன் இறப்பு விகிதம் பெரும்பாலும் நோயின் பரவலையே காட்டும். மாறாக, கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்க முடியும். அதனால் அதில் தெரியும் வட்டார வேறுபாடு பரிசோதனையும் சிகிச்சையும் எட்டாத இடங்களைச் சுட்டும்.

குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்வதற்கு முன், அந்த வட்டாரத்தின் நோயாளிகளைக் கணக்கெடுக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டைச் சோதியுங்கள். நோய் கண்டறியப்படாமலே வீட்டில் இறப்பவர்களும், 'முதுமை' என்ற காரணத்தோடு பதிவாகும் இறப்புகளும் மிகுந்த வட்டாரம், எண்களில் ஆரோக்கியமானதாகத் தோன்றும். திசு ஆய்வால் உறுதியான நோயாளிகளின் பங்கையும், இறப்புச் சான்றிதழ் வழியாக மட்டுமே பதிவேட்டுக்குத் தெரிய வந்தவர்களின் பங்கையும் கேளுங்கள். பின்னது பெரிதாக இருந்தால் அந்தப் பதிவேட்டை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெருநகர மருத்துவமனையில் இறந்த நோயாளி அவர் வசித்த இடத்தின் கணக்கில் சேர்கிறாரா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நோய் தெரிந்து ஐந்தாண்டு கழிந்தும் உயிரோடு இருப்போரின் பங்கான ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம்தான் அதிகம் ஏமாற்றுவது. 70 வயதில் இறக்கவிருக்கும் ஒருவருக்கு 67இல் நோய் தெரிந்தால் அவர் ஐந்தாண்டு பிழைக்காதவர். பரிசோதனையால் 63இலேயே தெரிந்து, அதே 70இல் இறந்தால் பிழைத்தவர். அவர் ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. தென் கொரியாவில் பரவலான ஸ்கேன் பரிசோதனையால் 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டு புற்றுநோய்க் கண்டுபிடிப்பு 15 மடங்கானபோதும் அதன் இறப்பு ஏறக்குறைய மாறவில்லை. ஆகவே நோய் கண்டறியப்பட்ட விகிதம், உயிர்வாழ்வு, இறப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கண்டறிதல் ஒரே அளவில் இருந்து இறப்பு மட்டும் கூடியிருந்தால், சிகிச்சையின் மீது சந்தேகம் கொள்ள நியாயம் உண்டு.

அப்போதுதான் மருத்துவமனைகளைப் பற்றிய கேள்விகள் தொடங்குகின்றன. நோயாளிகள் எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள், நோய் உறுதியான நாளுக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது, தொடங்கிய சிகிச்சையை எத்தனை பேர் முடித்தார்கள் என்று வட்டாரவாரியாகத் தேடுங்கள். புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதாவதொரு கட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படுகிறது. அது பல வாரங்களுக்கு அன்றாடம் சென்று பெற வேண்டியது என்பதால், கருவி இருக்கும் ஊருக்கான தொலைவே சிகிச்சையைத் தீர்மானித்துவிடும். மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குத் தகுதியிருந்தும், அதற்குப் பின் தொடர வேண்டிய கதிர்வீச்சுக்காக அலைய முடியாமல் மார்பகத்தை முழுமையாக நீக்கச் சம்மதிக்கும் பெண்கள், இறப்புப் பட்டியலில் எந்த வேறுபாடாகவும் தெரியமாட்டார்கள்; அவர்களைத் தேட வேண்டிய இடம் அறுவைச் சிகிச்சைப் பதிவுகள்தான்.