ரைஸா, யாரிஸ் குரொஸா? வன்னி வீதிகளுக்கேற்ற சிறிய எஸ்யூவியைத் தெரிவு செய்யும் முறை

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, முதன்முறையாக வாகனம் வாங்க எண்ணும் வன்னிக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகிறது: டொயோட்டா ரைஸை வாங்குவதா, யாரிஸ் குரொஸை வாங்குவதா? இரண்டும் ஒரே நிறுவனத்தின் சின்னத்தைத் தாங்கியவை. இரண்டும் சிறியவை, உயரமானவை. ஆனால் ரைஸ் 2019 நவம்பரில் அறிமுகமான, டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹற்சு வடிவமைத்துத் தயாரிக்கும் வாகனம். யாரிஸ் குரொஸ் 2020 ஓகஸ்ட்டில் ஜப்பானில் வெளிவந்த, டொயோட்டாவின் சொந்த வடிவமைப்பு. ஒவ்வொரு பெயருக்குள்ளும் வெவ்வேறு எஞ்சின்களும் வெவ்வேறு சக்கரங்களும் கொண்ட பல பதிப்புகள் இருப்பதால், பெயரைத் தெரிவு செய்வதற்கு முன் உங்கள் பாதையையும் பின்னர் பதிப்பையும் தெரிவு செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

முதற்படி: வீட்டுப் பாதையை அளந்து பாருங்கள்

ஏ9 வீதியிலும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியிலும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ34 வீதியிலும் எந்தக் காரும் ஓடும். முடிவைத் தீர்மானிப்பது அந்த வீதிகளிலிருந்து பிரிந்து உங்கள் படலை வரை வரும் கிறவல் பாதையும், குளக்கட்டும், வயலோர ஒழுங்கையுமே ஆகும்.

ரைஸின் தரை இடைவெளி 185 மில்லிமீற்றர். ஜப்பானிய யாரிஸ் குரொஸின் தரை இடைவெளி 170 மில்லிமீற்றர். இந்த 15 மில்லிமீற்றர் சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இவை வெறுமையான வாகனத்துக்குரிய அளவுகள். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் இரண்டு நெல் மூட்டைகளும் வைக்கப்பட்டால் வாகனம் பதிந்து, எஞ்சியிருக்கும் இடைவெளி கணிசமாகக் குறைந்துவிடும்.

ஆகவே அளவு நாடாவுடன் பாதைக்குச் செல்லுங்கள். உழவு இயந்திரங்கள் ஓடி ஓடிச் சக்கரத் தடங்கள் பதிந்து, நடுவில் மேடு எழுந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். அந்த மேட்டின் மீது நேரான தடியொன்றைக் குறுக்காகக் கிடையாக வைத்து, தடியின் கீழ் விளிம்பிலிருந்து சக்கரத் தடத்தின் அடிவரை அளவெடுங்கள். 10 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் இரண்டு வாகனங்களும் பொருந்தும். 13 சென்ரிமீற்றரைத் தாண்டினால், பாரம் ஏற்றிய யாரிஸ் குரொஸின் அடித்தட்டு உரசும் வாய்ப்பு உண்டு என்பதால் நான் ரைஸையே பரிந்துரைப்பேன். 16 சென்ரிமீற்றரைத் தாண்டினால் இவை இரண்டுமே உங்களுக்குரிய வாகனங்கள் அல்ல. இந்த அளவை மாரி முடிந்தவுடன் எடுப்பது நல்லது; கிறவல் கொட்டிச் சமப்படுத்திய மறுநாள் எடுத்த அளவு உங்களை ஏமாற்றிவிடும். குளங்கள் வான் பாயும் நாட்களில் மதகுக்கு மேலால் ஓடும் வெள்ளத்தைக் கடக்க இவ்விரண்டில் எதையும் நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: உடலளவைப் பொருத்திப் பாருங்கள்

ரைஸின் நீளம் 3,995 மில்லிமீற்றர், அகலம் 1,695 மில்லிமீற்றர். யாரிஸ் குரொஸின் நீளம் 4,180 மில்லிமீற்றர், அகலம் 1,765 மில்லிமீற்றர். திரும்பும் ஆரையும் ரைஸுக்குக் குறைவு: ஏறத்தாழ 5 மீற்றர், மற்றையதற்கு 5.3 மீற்றர். பொருள் வைக்கும் இடம் முறையே 369 லீற்றர், 390 லீற்றர் என்பதால் அதில் பெரிய வேற்றுமை இல்லை. நீளமான வாகனத்தின் பின் இருக்கை தாராளமாக இருக்கும் என எண்ணிவிடாதீர்கள். வீட்டிலுள்ள உயரமானவரையும் முழங்கால் நோவுள்ள முதியவரையும் அழைத்துச் சென்று, இரண்டிலும் ஏறி இறங்கச் செய்து பாருங்கள்.

மூன்றாம் படி: எஞ்சினை விளங்கிக்கொள்ளுங்கள்

தொடக்கநிலையினர் பெரிதும் குழம்பும் இடம் இது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ரைஸில் மூன்று வகைகள் உள்ளன. முதலாவது, 996 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்; அதாவது காற்றை அழுத்தி உட்செலுத்தி வலுவைக் கூட்டும் எஞ்சின். இது 98 குதிரைவலு தரும். இரண்டாவது, 2021 நவம்பரில் சேர்க்கப்பட்ட, டர்போ இல்லாத 1,196 சிசி எஞ்சின். 87 குதிரைவலு மட்டுமே தந்தாலும் அமைப்பில் எளிமையானது. மூன்றாவது, அதே காலத்தில் வந்த ஹைபிரிட். இதில் 1,196 சிசி எஞ்சின் மின்சாரம் உற்பத்தி செய்வதற்கு மட்டுமே இயங்குகிறது. சக்கரங்களைச் சுழற்றுவது முழுக்க முழுக்க 106 குதிரைவலு கொண்ட மின்மோட்டாரே. வீட்டு ஜெனரேற்றர் மோட்டருக்கு மின்சாரம் கொடுத்துத் தண்ணீர் இறைப்பதைப் போன்ற ஏற்பாடு அது.

யாரிஸ் குரொஸில் 1,490 சிசி எஞ்சின் 120 குதிரைவலுவுடன் பெற்றோல் பதிப்பாகவும், மின்மோட்டாருடன் இணைந்து மொத்தம் 116 குதிரைவலு தரும் ஹைபிரிட் பதிப்பாகவும் வருகிறது. இந்த ஹைபிரிட்டில் எஞ்சினும் மோட்டாரும் தேவைக்கேற்பச் சேர்ந்தோ தனித்தோ சக்கரங்களை இயக்கும். ஆகவே வவுனியாவிலிருந்து கொழும்புக்கு நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடும்போது எஞ்சினின் வலு நேரடியாகவே சக்கரத்தைச் சென்றடைகிறது. ரைஸ் ஹைபிரிட்டில் அப்படியான வழி கிடையாது. அது பாடசாலை, சந்தை, வைத்தியசாலை என நின்று நின்று ஓடும் ஓட்டத்திற்கே மிகப் பொருத்தமானது.

ஜப்பானிய அளவீட்டின்படி ரைஸ் ஹைபிரிட் லீற்றருக்கு 28 கிலோமீற்றரும், அறிமுகமானபோது இருசக்கர இயக்க (முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் இயக்கும்) யாரிஸ் குரொஸ் ஹைபிரிட் பதிப்புக்கேற்ப 27.8 முதல் 30.8 கிலோமீற்றர் வரையும் ஓடும் எனக் குறிப்பிடப்பட்டன. இவை ஆய்வுகூட எண்கள். கிறவலிலும் இடைவிடாத ஏசியிலும் இவற்றை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் தம்முள் ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு பாதுகாப்புச் செய்தியையும் அறிந்திருக்க வேண்டும். ரைஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனையில், வலப்பக்கச் சோதனைக்குப் பதிலாக இடப்பக்கத் தரவுகளைச் சமர்ப்பித்ததாக 2023 மே மாதத்தில் டைஹற்சு ஒப்புக்கொண்டது, விற்பனையும் இடைநிறுத்தப்பட்டது. எனவே ரைஸ் ஹைபிரிட் வாங்குபவர் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் கேட்டுப் பார்ப்பது நியாயமானதே.

நான்காம் படி: சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்

மின்னும் பெரிய சக்கரம் கிறவல் வீதிக்கு உகந்ததன்று. யாரிஸ் குரொஸின் உயர் பதிப்பான இசட் 215/50 அளவுடைய 18 அங்குல ரயருடன் வருகிறது. ஜீ பதிப்பில் 205/65 அளவுடைய 16 அங்குல ரயர் உள்ளது. ரைஸின் இசட் பதிப்பில் 17 அங்குலமும், கீழ்ப் பதிப்புகளில் 16 அங்குலமும் உள்ளன. ரயரின் பக்கச் சுவர் தடித்திருந்தால் கல்லும் குழியும் தரும் அடியை அது தாங்கிக்கொள்ளும். மெல்லியதாக இருந்தால் அந்த அடி விளிம்புக்கே செல்லும். வன்னிக்கு 16 அங்குலப் பதிப்பே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

டிக்கியின் தளத்தையும் தூக்கிப் பாருங்கள். ஜப்பானிய ஹைபிரிட் வாகனங்கள் பலவற்றில் மேலதிக ரயருக்குப் பதிலாக ஒட்டுத் திரவமும் சிறிய காற்றுப் பம்பியும் மட்டுமே இருக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது. இரவில் ஒட்டுசுட்டான் காட்டுப் பகுதியில் நிற்க நேர்ந்தால் மேலதிக ரயரின் அருமை புரியும். மேலதிக ரயரின் விலையை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அடிச்சட்ட இலக்கத்தை வாசியுங்கள்

விற்பவர் சொல்வதை அடிச்சட்ட இலக்கத்தின் (சசி நம்பரின்) முற்பகுதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானிய ரைஸில் ஏ200ஏ என்பது இருசக்கர இயக்க டர்போவையும், ஏ210ஏ நான்குசக்கர இயக்க டர்போவையும், ஏ201ஏ 1.2 லீற்றர் பெற்றோலையும், ஏ202ஏ ஹைபிரிட்டையும் குறிக்கும். ஜப்பானிய யாரிஸ் குரொஸில் எம்எக்ஸ்பிபி (MXPB) என்று தொடங்கினால் பெற்றோல், எம்எக்ஸ்பிஜே (MXPJ) என்று தொடங்கினால் ஹைபிரிட். தொடர்ந்து 10 வந்தால் இருசக்கர இயக்கம், 15 வந்தால் நான்குசக்கர இயக்கம். தென்கிழக்காசியாவுக்காக 2023இல் வெளியான 4,310 மில்லிமீற்றர் நீளமான மற்றொரு யாரிஸ் குரொஸும் உண்டு. பெயர் ஒன்றானாலும் அது வேறு அடித்தளத்தில் அமைந்த வேறு வாகனம்.

இந்த வேறுபாடுகள் விலையிலும் எதிரொலிக்கும். இறக்குமதியின்போது பெற்றோல் பதிப்புகளுக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கனவளவை வைத்துக் கணிக்கப்படுவதால் அவற்றின் 996, 1,196, 1,490 சிசி என்பன தனித்தனி வரி வகுதிகளில் விழுகின்றன. லீசிங் தவணையையும் முழுக் காப்புறுதியையும் இரு வாகனங்களுக்கும் எழுத்தில் பெற்று ஒப்பிடுங்கள். ஜப்பானிய ஏலத்தில் வாகனத்தின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் ஏலப் பத்திரத்தின் மூலப் பிரதியில் உள்ள ஓட்டத் தூரம் வாகனத்தின் தூரமானியுடன் பொருந்துகிறதா எனவும் பாருங்கள்.

ஆறாம் படி: குடும்பத்தோடு ஓட்டிப் பாருங்கள்

தனியாக, கார்ப்பெட் வீதியில் ஓட்டிப் பார்ப்பதால் அதிகம் தெரியவராது. நால்வரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு துண்டேனும் கிறவலில் ஓட்ட அனுமதி கேளுங்கள். 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 70 வரை விரைவுபடுத்தும்போது எஞ்சின் ஒலி எப்படி எழுகிறது, மாடுகள் வீதியில் ஏறினால் நிறுத்துவதுபோல் அழுத்தும்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பவற்றைக் கவனியுங்கள்.

ஹைபிரிட் எனில், பின் இருக்கையின் அடியில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று உள்ளே செல்லும் துளைத்தட்டு எங்கே உள்ளது எனக் கேட்டுக் கைவிளக்கால் பாருங்கள். செம்மண் தூசு அடைந்திருந்தால் அதைச் சுத்தம் செய்வதற்கான செலவையும், அந்தப் பணியைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யார் செய்து தருவார் என்பதையும் அறிந்த பின்னரே முற்பணம் கொடுங்கள். முற்பணப் பற்றுச்சீட்டில் வாகனத்தின் பெயர் மட்டும் போதாது; முழு அடிச்சட்ட இலக்கம், பதிப்பின் பெயர், தயாரிப்பு ஆண்டு ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.