பி-ட்ரீ இன்டெக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் குழுவில் சேர்ந்த இருவர் ஆளுக்கொரு டேபிள் வடிவமைத்துக் காட்டினார்கள். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு (கீழே முதலில் வருவது) இரண்டிலும் இருந்தது. தேடும் நெடுவரிசைக்கு (column) இன்டெக்ஸ், அதாவது ரெக்கார்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும் வரிசைப் பட்டியல், வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பிரைமரி கீயாக ரேண்டம் யூயூஐடி

பிரைமரி கீ என்பது ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு, யூயூஐடி என்பது எங்கும் மீண்டும் வராதபடி உருவாக்கும் ஓர் அடையாளம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, டேபிளையே பிரைமரி கீ வரிசையில் ஒரு பி-ட்ரீயாகத்தான் (பல கிளைகள் பிரியும், வரிசைப்படுத்திய மரம்) வைத்திருக்கிறது. ஒவ்வொரு கணுவும் வழக்கமாக 16 கேபி பேஜ். ஒரு கணுவிலிருந்து பல நூறு கிளைகள் பிரிவதால், மூன்று நான்கு நிலைகளுக்குள் கோடிக்கணக்கான ரெக்கார்டுகள் அடங்கிவிடும்.

கீ ஏறுவரிசை எண் என்றால் புது ரெக்கார்டு வலது ஓரப் பேஜில் போய் உட்காரும். அது நிரம்பினால் பக்கத்தில் புதுப் பேஜ். பழையது 16-இல் 15 பங்கு நிரம்பியே நிற்கும். ரேண்டமாக உருவாகும் யூயூஐடி பதிப்பு 4 அப்படியில்லை. ஒவ்வொரு இன்சர்ட்டும் மரத்தின் ஏதோ ஒரு மூலையில் விழும். அங்கே இடமில்லையென்றால் பேஜ் பிளந்து, இரண்டு பாதிக் காலிப் பேஜ்கள் மிஞ்சும்.

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது, ஆரம்பத்தில் இது கண்ணில் படாது என்பதுதான். ஓரிடத்தில் ஆர்டர் டேபிளுக்கு 36 எழுத்து யூயூஐடியை கீயாக வைத்தேன். சோதனையில் பறந்தது. டேபிள் வளர்ந்து பஃபர் பூலில் (பேஜ்களை வைத்திருக்கும் மெமரி) அடங்காமல் போனதும், ஏறக்குறைய ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் டிஸ்கிலிருந்து ஒரு பேஜை எடுத்துவர வேண்டியதாயிற்று. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் பதிவேற்றம் விடிந்தும் முடியாது. குவெரிகளைத் திருத்தித் திருத்தி இரண்டு வாரம் வீணானது. கடைசியில் கீயை மாற்றினேன், அப்புறம் அதைச் சுட்டிய எல்லா டேபிள்களையும் மாற்ற வேண்டியிருந்தது.

துணை இன்டெக்ஸ் (பிரைமரி கீ தவிர்த்த மற்றவை) ஒவ்வொன்றும் பிரைமரி கீயையும் சேர்த்துச் சுமக்கும். 8 பைட் போதுமான இடத்தில் 36 பைட், ஐந்து இன்டெக்ஸ் என்றால் ஐந்து தடவை.

சரி, யூயூஐடி கட்டாயம் வேண்டுமா? 2024-இல் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்த பதிப்பு 7-ஐ எடுங்கள். அதன் முன்பகுதி மில்லிசெகண்ட் நேரம், அதனால் ஏறுவரிசையை ஒட்டியே வரும். எழுத்தாக வைக்காமல் 16 பைட் பைனரியாக வையுங்கள்.

கூட்டு இன்டெக்ஸில் (பல நெடுவரிசைகள் சேர்ந்தது) நெடுவரிசைகளின் ஒழுங்கு

ஊர், பெயர் என்ற வரிசையில் இன்டெக்ஸ் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் தேடினால் பெரும்பாலும் பயனில்லை. ஊர்வாரியாக அடுக்கிய வாக்காளர் பட்டியலில், ஊர் தெரியாமல் ஓர் ஆளைத் தேடுவது மாதிரி.

தேதி நெடுவரிசைமேல் ஃபங்ஷன்

வருடத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிடாதீர்கள், தேதிமேல் போட்ட சாதாரண இன்டெக்ஸ் அப்போது பயன்படாது; தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொடுங்கள்.

எல்லா நெடுவரிசைக்கும் இன்டெக்ஸ்

வேண்டாம். ஒவ்வொரு இன்டெக்ஸும் தனி மரம், ஒரு இன்சர்ட் அத்தனை மரங்களையும் தொட வேண்டும்.