வண்டலூரில் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனிக் கடைசியில் முழுப்பரீட்சை முடிந்ததும் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் பல வீடுகளில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகும் பேச்சு ஆரம்பித்துவிடும். போய் வந்து காட்டும் படங்களில் கம்பி பளிச்சென்று இருக்கும், சிங்கம் மங்கலாகத் தெரியும். ஃபோன் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஃபோன் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலான படங்கள் கெடுவது, போய்ச் சேரும் நேரத்தாலும் நிற்கும் இடத்தாலும்தான்.

சாப்பாடு கட்டிக்கொண்டு நிதானமாகக் கிளம்பினால் உள்ளே நுழையும்போது உச்சி வெயில். புலியும் சிங்கமும் நிழல் தேடிப் படுத்திருக்கும். வெளியே நிற்கிற மானுக்கும் வெளிச்சம் தலைக்கு நேர்மேலே விழுவதால் கண் இருக்கும் இடம் கறுப்பாகிவிடும். கதவு திறக்கும் நேரத்துக்கே அங்கே இருங்கள். வண்டலூர் தாம்பரத்தைத் தாண்டி இருப்பதால், பீச் ஸ்டேஷனில் தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறாமல் செங்கல்பட்டு வண்டியைப் பிடியுங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. 602 ஹெக்டேர் இடம் அது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் உருப்படியாகக் கிடைக்காது. காலையில் பெரிய விலங்குகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் நிழலான பக்கங்களுக்குப் போங்கள்.

அடுத்தது கம்பிவலை. ஃபோன் எப்போதும் முன்னால் இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் திரையில் விலங்கின் கண்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். விலங்கு வலையை ஒட்டி நிற்கும்போது எடுக்காதீர்கள். நாலடி உள்ளே தள்ளிப் போகட்டும். வலைக்கும் விலங்குக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு வலை கரைந்து போகும். வெயில் விழும் வலை பளபளத்து, படம் முழுக்க வெள்ளைப் படலம் போட்டுவிடும். கூண்டைச் சுற்றி நடந்து, வலைமேல் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து நில்லுங்கள். கிட்டே போகிறேன் என்று தடுப்பைத் தாண்டுவது மட்டும் கூடவே கூடாது.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாம்புக்கு வேறு கணக்கு. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, நேராக வையுங்கள். சுற்றி ஒரு கறுப்புத் துப்பட்டாவைப் பிடித்தால் பிரதிபலிப்பு போய்விடும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் பாம்பின் மேல் உங்கள் சட்டைதான் தெரியும்.

வெள்ளைப் புலி வெறும் வெள்ளைத் திட்டாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் இருக்கும் இருட்டைப் பார்த்து ஃபோன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. புலியைத் தொட்டு, திரையில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள், வரிகள் வந்துவிடும்.

ஃபிளாஷை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். புலி, சிங்கம் போன்றவற்றின் கண்கள் இருட்டுக்குப் பழகியவை. அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. படத்திலும் இரண்டு ஒளிவட்டங்கள்தான் மிஞ்சும்.

எனக்கு மனசு தாங்காத தவறு ஒன்று இருக்கிறது. குரங்கு திரும்பிப் பார்க்கட்டும் என்று விசில் அடிப்பது, கை தட்டுவது, முறுக்கைக் காட்டுவது. நாள் முழுக்க, ஒவ்வொரு கூட்டமும் இதையே செய்தால் அந்த உயிர் என்ன பாடுபடும்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதையும், தீனி போடுவதையும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் தடை செய்கிறது. சும்மா ஒரே இடத்தில் நில்லுங்கள். கூட்டம் நகர்ந்ததும் பல சமயம் அதுவே உங்கள் பக்கம் பார்க்கும்.

அப்புறம் பூக்கள். செம்பருத்தியை நேர் வெயிலில் எடுத்தால் இதழ் நரம்பெல்லாம் அழிந்து, சிவப்புச் சாயத்தைக் கொட்டியதுபோல ஆகிவிடும். வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். இல்லையென்றால் யாரையாவது குடை பிடிக்கச் சொல்லி, பூமேல் நிழல் விழ வைத்து எடுங்கள். மகரந்தக் காம்பின் மஞ்சள் பொடிகூடத் தனித்தனியாகத் தெரியும். சரக்கொன்றையைக் கீழிருந்து வெளுத்த வானத்தை வைத்து எடுக்காதீர்கள், பூ கறுத்துவிடும். பின்னால் இலை வருகிற மாதிரி நகர்ந்து நில்லுங்கள். புங்கம்பூ பொடிசு. அதை மரத்தில் தேடுவதைவிட, மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைக் குனிந்து எடுப்பது நல்லது.

பூவில் கை பழக வண்டலூர் வரை போகத் தேவையில்லை. மாதவரம் தாவரவியல் பூங்கா நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயும் காலையில் போங்கள். மத்தியானம் கடற்காற்று எழுந்தால் எந்தச் செடியும் ஒரு நிமிஷம் சும்மா நிற்காது.

ஏசி காரில் போகிறவர்கள் இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். ஜில்லென்ற லென்ஸ்மேல் நம் ஊர்ப் புழுக்கம் பனியாகப் படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், அதற்குள் டிக்கெட் எடுத்து வந்துவிடலாம்.