கடைக்கு வரிக் கடிதம் வந்தால் அது அரசியலோ இல்லையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது

யாழ்ப்பாணத்தில ஒருத்தருக்கு இறைவரிக் கந்தோரால கடிதம் வந்தால் முதல் கேள்வி "எவ்வளவு கட்டச் சொல்லியிருக்கு" எண்டு வராது, "ஆர் போட்டுக் குடுத்தது" எண்டுதான் வரும். 2024 நவம்பர் தேர்தலில திசைகாட்டிக்கு, அதாவது ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்திக்கு, இந்த மாவட்டத்தில ஆறு சீற்றில மூண்டு போச்சுதானே, அதுக்குப் பிறகு வீட்டுச் சின்னத்துக்கு, அதாவது தமிழரசுக் கட்சிக்கு, வேலை செய்தவருக்குக் கடிதம் வந்தால் பழிவாங்கல் எண்டு ஒரு பக்கம் சொல்லுது, இவ்வளவு காலமும் செல்வாக்கில தப்பினவை இப்ப மாட்டுப்படுகினம் எண்டு மற்றப் பக்கம் சொல்லுது. கடிதத்தை வாசிச்சுப் பாத்தவை ரெண்டு பக்கத்திலயும் குறைவு. எங்கட சனம் சந்தேகப்படுறதில பிழை சொல்ல மாட்டன், ஏ9 பாதை திறந்த காலத்தில சாமான் ஏத்தி இறக்கினவைக்குத் தெரியும், முகமாலையில இயக்கத்துக்கும் வரி கட்டி அரசாங்கத்துக்கும் வரி கட்டி வந்த ஆக்கள் நாங்கள். ஆனா சந்தேகத்தைப் பிடிச்சுக்கொண்டு நாளை விட்டால் நட்டம் உங்களுக்குத்தான், அதால முதல் கடிதத்தைக் கையில எடுங்கோ.

கடிதம் ரெண்டு விதம். ஒண்டு விபரம் கேக்கிறது, பாங்க் ஸ்டேட்மென்ற் கொண்டா, பில் புத்தகம் கொண்டா எண்டு. மற்றது வரி மதிப்பீட்டு அறிவித்தல், அதில இவ்வளவு கட்ட வேணும் எண்டு தொகையே போட்டிருக்கும், இதுதான் பாரமானது. 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி மதிப்பீட்டை ஏற்கேலாது எண்டால் அது கிடைச்சு 30 நாளுக்குள்ள காரணத்தோட எழுத்தில மீளாய்வு கேக்க வேணும், அந்த முடிவும் சரியில்லை எண்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதனால என்வலப்பை எறியாதேங்கோ, தபால் முத்திரை குத்தின திகதி அதிலதான் கிடக்கும், கடிதம் கைக்கு வந்த நாளைப் பேனையால மூலையில எழுதி வையுங்கோ, பதிலைப் பதிவுத்தபாலில அனுப்பி அந்தத் துண்டையும் சேத்து வையுங்கோ. உண்மையில கந்தோரால வந்ததுதானோ எண்டு சந்தேகம் எண்டால் 1944க்கு அடிச்சுக் கேக்கலாம். கடிதம் தமிழில இல்லை எண்டால் தமிழில தாங்கோ எண்டு எழுதிக் கேளுங்கோ, அது உங்கட உரிமை, ஆனா அதைக் கேட்டுப்போட்டு 30 நாள் நிக்கும் எண்டு நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ, ரெண்டையும் ஒண்டா அனுப்புங்கோ.

அடுத்தது காரணம். பெரும்பாலும் அதிலயே எழுதியிருக்கும், வாசிக்கிறதுக்குத்தான் பொறுமை வேணும். இஞ்ச கன பேர் மாட்டுப்படுற இடம் வெளிநாட்டுக் காசு. லண்டனில இருக்கிற தம்பி வீடு திருத்த அனுப்பின காசு கடை எக்கவுண்டில விழுந்திருக்கும், பாக்கிறவருக்கு அது வியாபார வரவு மாதிரித்தான் தெரியும். பாங்க்கால வந்த காசு எண்டால் ரசீதைக் காட்டி இது வியாபாரக் காசு இல்லை எண்டு விளங்கப்படுத்தலாம், உண்டியலில, அதாவது பாங்க் இல்லாமல் ஆள் மூலமா, வந்ததை ஆரோ கொண்டுவந்து தந்து நீங்கள் கையால வைப்பிலிட்டிருந்தால் காட்டுறதுக்கு ஒரு துண்டும் இல்லை. அந்த இடத்தில உங்களுக்கு எதிரி எந்தக் கட்சியும் இல்லை, அந்த வைப்புத்தான். தம்பியிட்டக் கேட்டு அங்க காசு எடுத்த பாங்க் பதிவையாவது எடுப்பியுங்கோ. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தோட அரசாங்கத்துக்கு வரி சேக்கிற அழுத்தம் நல்லாக் கூடினது, டின் நம்பரும் (வரி கட்டுறவரின்ர அடையாள இலக்கம்) எல்லாரும் எடுக்க வேணும் எண்டு வந்தது, அதால முந்திக் கடிதமே வராத ஆக்களுக்கு இப்ப வருது.

சரி, காரணம் சப்பெண்டு இருக்கு, மனசுக்கு ஒத்துக்கொள்ளேல்லை, அப்ப அரசியலோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? உங்கட தெருவில அதே வியாபாரம், அதே அளவு, ஆனா வேற கட்சியோட நிக்கிறவருக்கும் கடிதம் வந்ததோ எண்டு விசாரியுங்கோ. இதுதான் பெரிய கேள்வி, ஆனா ஆக்கள் தங்கட ஆக்களை மட்டும்தான் விசாரிப்பினம், தங்கட ஆக்கள் அஞ்சு பேருக்கு வந்திருக்கு எண்டு முடிவும் எடுத்திடுவினம், மற்றப் பக்கத்தில எத்தினை பேருக்கு வந்தது எண்டு ஆரும் கேக்கிறேல்லை.

இதுக்கு அமெரிக்காவில நடந்ததைச் சொல்ல வேணும். 2013இல அங்கத்தை வரித் திணைக்களம், வரிவிலக்கு கேட்டு விண்ணப்பிச்ச அமைப்புகளில "டீ பார்ட்டி", "பேட்ரியட்ஸ்" எண்டு பேர் வைச்ச வலதுசாரி அமைப்புகளைத் தெரிஞ்செடுத்து இழுத்தடிச்சது எண்டு உள் கண்காணிப்பு அறிக்கையே வெளிவந்தது, தலைவர் பதவியில இருந்தவர் விலக வேண்டி வந்தது. 2017இல இன்னொரு அறிக்கை வந்தது, "புரோகிரசிவ்", "ஒக்குபை" மாதிரி இடதுசாரிப் பேர்களையும் அதே மாதிரிப் பேரை வைச்சு எடுத்திருக்கினம் எண்டு. அதே வருசம் வலதுசாரி அமைப்புகளிட்ட அரசாங்கம் வழக்கில மன்னிப்பும் கேட்டது. பேரைப் பாத்து ஆளைத் தெரிஞ்செடுத்தது பிழை, அது ரெண்டு அறிக்கையிலயும் உண்மை, ஆனா ஒரு பக்கத்துக்கு மட்டும் நடந்தது எண்டு நாலு வருசமாச் சொன்ன கதை முழுசா இல்லை. முதல் அறிக்கையை மட்டும் வாசிச்சவையும் ரெண்டாவதை மட்டும் தூக்கிப் பிடிச்சவையும் இண்டைக்கும் சண்டைதான். நிக்சன் காலத்திலயோ உண்மையாவே எதிரிகள் பட்டியல் வரித் திணைக்களத்துக்குப் போனது, அந்த நேரத் தலைவர் ஜொனி வால்ற்றர்ஸ் அதின்படி செய்ய மறுத்தவர். அதால நடக்காது எண்டும் சொல்லேலாது, எல்லாமே அதுதான் எண்டும் சொல்லேலாது, பட்டியலைத் தேட வேணும்.

இஞ்ச பட்டியல் தேடுறதுக்கு உங்களிட்ட இருக்கிற நல்ல ஆயுதம் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. "அரசியல் காரணத்துக்காகவோ கடிதம் அனுப்பினியள்" எண்டு கேட்டால் ஒண்டும் வராது, மற்ற ஆளின்ர பைலும் தரமாட்டினம், அது சரிதான், உங்கட பைலையும் அப்பிடித்தான் காக்க வேணும். கேக்க வேண்டியது எண்ணிக்கை: போன வருசம் யாழ்ப்பாணப் பிராந்தியத்தில எத்தினை கடைக்கு மதிப்பீடு போனது, எந்தெந்த வியாபாரம், எந்த மாசத்தில எத்தினை. 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு சொல்ல வேணும். தேர்தலுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் மாச எண்ணிக்கையைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தால் எவ்வளவோ தெரியும்.

வந்த அதிகாரி கட்சிப் பேர் சொல்லிக் கதைச்சவர், அல்லது காசு தந்தால் முடிச்சு விடுறன் எண்டவர் எண்டால் அது வேற விசயம். நாள், நேரம், சொன்ன வசனம், பக்கத்தில நிண்டவை ஆர் எண்டு அண்டைக்கே எழுதுங்கோ. காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954. அரசியல் அபிப்பிராயத்தை வைச்சுப் பாகுபாடு காட்டேலாது எண்டு அரசியலமைப்பின்ர 12(2) சொல்லுது, அதுக்கு உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாசம்தான் இருக்கு, அதால லோயரிட்ட உடனயே போங்கோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாணக் கந்தோரிலயும் முறைப்பாடு குடுங்கோ. இதுக்கும் மீளாய்வுக்கும் முடிச்சுப் போடாதேங்கோ, அது அது தன்ர பாட்டில போகட்டும்.

உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரருக்குக் கடிதம் வந்தாலும் இதே கேள்விகளைத்தான் கேக்க வேணும். "நல்லா வேணும்" எண்டு ஷெயார் பண்ணுறவர் நாளைக்குத் தனக்கு வரேக்க பழிவாங்கல் எண்டு சொன்னால் ஆர் நம்புறது? பேஸ்புக்கில போடுறதெண்டாலும் கடிதத்தை அப்பிடியே போடாதேங்கோ, பேர், டின் நம்பர், எக்கவுண்ட் நம்பர், விலாசம் எல்லாத்தையும் மறைச்சுப்போட்டு, திகதியும் அவை எழுதின காரணமும் தெரியிற மாதிரிப் போடுங்கோ, வாசிக்கிறவை தாங்களே பாத்து முடிவெடுக்கட்டும்.